ஒரு பக்கச் சந்தனம்

முப்பத்தோரு வருடம் நான் பார்த்த வேலை ஒன்றே ஒன்றுதான்: சுற்றுகிற பொருள் ஆடாமல் சுற்ற வேண்டும். மும்பை செம்பூரில் பெரிய பெரிய புளோயர்கள் செய்யும் கம்பெனி. ஆலைப் புகையை இழுக்கவும் தியேட்டருக்குக் குளிர்காற்று தள்ளவும் போகிற விசிறிகள். அவற்றின் சுழலும் பாகமான ரோட்டர் கடைசியாக என் மெஷினுக்கு வரும். எந்தப் பக்கம் கனம், எத்தனை கிராம் கனம் என்று பார்த்து, கனத்த பக்கத்தைத் தேய்ப்பேன்; இல்லாவிட்டால் எதிர்ப்பக்கத்தில் ஒரு துண்டுத் தகடு வைத்துப் பற்றவைப்பேன். பிறகு அட்டையில் கையெழுத்து. நான் கையெழுத்துப் போட்டது எதுவும் திரும்பி வந்ததே இல்லை என்று சொன்னால் அது பொய். மூன்று வந்திருக்கிறது. மூன்றுக்கும் என்ன காரணம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

நான்காவதாக ஒன்று திரும்பி வந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். அது புளோயர் இல்லை, ஒரு சின்ன விமானத்தின் புரொப்பெல்லர். ஆற அமர எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத ஆத்திரம் வருகிறது. வரட்டும்.

விமானம் எங்கள் கம்பெனியின் டிராயிங் செக்‌ஷனில் இருந்த ஒருவருடையது. மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். அப்பா, தாத்தா எல்லோரும் ஆபீஸ் வேலைக்காரர்கள். கல்யாணத்துக்குப் பிறகு செம்பூரில் பிளாட் வாங்கிக் குடிவந்தார். நான் தாராவி, எங்கள் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த அதே சந்தில்தான் இன்றும் இருக்கிறேன். அவருக்கு என்னைவிட இரண்டு வயது குறைவு. ஆனாலும் அவர் மாடி, நான் கீழே ஷெட். அதனால் நான் அவரை ‘சார்’ என்பேன், அவர் என்னை ‘பேலன்ஸ்காரரே’ என்பார். கேலிதான், ஆனால் எனக்குப் பிடித்த கேலி.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் ஒரு சுருட்டிய வரைபடத்தோடு என் மெஷின் பக்கம் வந்தார். இரண்டு பேர் உட்காருகிற விமானம். வெளிநாட்டில் யாரோ வீட்டிலேயே கட்டிக்கொள்ளும்படி வரைந்து விற்கிற படம்.

“பேலன்ஸ்காரரே, நான் வரைவேன். எனக்கு அறுக்கத் தெரியாது, ஒட்டத் தெரியாது, வெல்டிங் தெரியாது. நீங்க வரேளா?”

“எத்தனை நாள் வேலை சார்?”

“ஒரு ரெண்டு வருஷம் ஆகுமா?”

ஏழு வருடம் ஆனது. ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் ஆராதனை முடிந்ததும் சர்ச்சிலிருந்து நேராக பஸ் பிடித்துச் செம்பூருக்குப் போய்விடுவேன். ஹார்பர் லைன் ரயில் தண்டவாளத்தை ஒட்டி, மூடிக்கிடந்த ஒரு கோடவுனின் பின்பக்கத் தகர ஷெட்டை அவர் வாடகைக்குப் பிடித்திருந்தார். அங்கேதான் விமானம் வளர்ந்தது. என் வீட்டுக்காரிக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை.

“ஞாயித்துக்கிழமை கறி எடுத்துட்டு வரக்கூட வீட்ல ஆள் கெடையாது. ஏரோப்ளேன் கட்டப் போறீயளாக்கும்,” என்பாள். “அந்த அம்மா ஒங்களுக்கு என்னைக்காச்சும் டம்ளர்ல காப்பி தந்திருக்காவளா? பேப்பர் கப்புதான?”

அது உண்மை. சாரின் மனைவி பதினொரு மணிக்கு டிபனும் காப்பியும் கொண்டுவருவார். சாருக்கு எவர்சில்வர் டம்ளர், எனக்கு பேப்பர் கப். ‘கழுவற வேலை இல்லையோன்னோ’ என்று சிரித்துக்கொண்டே கொடுப்பார். நல்ல கை, நல்ல காப்பி. நான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. என் வீட்டுக்காரி எடுத்தாள்.

சார் எனக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார், நான் கேட்காமலே. இறக்கைச் சட்டத்தை ஒட்டி முடித்த அன்றைக்கு இரண்டாவது சீட் இருக்கிற இடத்தில் ஒரு பலகையைப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். “முதல் தடவை இது பறக்கும்போது இந்த சீட்ல நீங்கதான். எழுதி வெச்சுக்கோங்கோ.” நான் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. அறுபது வயதை நெருங்குகிற ஆள், அதுவரை விமானத்தில் கால் வைத்ததில்லை. தாராவிக்கு மேலே தினமும் நூறு விமானம் இறங்குகிறது. அதன் வயிற்றைத்தான் பார்த்திருக்கிறேன். அதனால் அந்தப் பலகையில் உட்கார்ந்தது எனக்குப் பெரிய விஷயம். வீட்டில் சொன்னபோது அவளும் திட்டாமல் கேட்டுக்கொண்டாள்.

புரொப்பெல்லர் கடைசியில் வந்தது. மரத்தில் செதுக்கியது, இரண்டு பிளேடு, ஐந்தரை அடி நீளம். என் மெஷினில் ஏறாது. அதனால் பழைய முறைப்படி கையால் பேலன்ஸ் செய்தேன். விளிம்பு தீட்டிய இரண்டு எஃகுப் பட்டைகளை ரசமட்டம் வைத்து மட்டமாக நிறுத்த வேண்டும். புரொப்பெல்லரின் நடுத்துளையில் ஒரு ஷாஃப்டைச் செருகி, அந்தப் பட்டைகளின் மேல் படுக்க வைக்க வேண்டும். கனத்த பிளேடு தானாகக் கீழே போகும். இளைத்த பிளேடில் வார்னிஷ் பூசிப் பூசி அதைச் சமத்துக்குக் கொண்டுவர வேண்டும். சொல்ல இவ்வளவுதான்.

செய்யும்போது காற்று ஆகாது, அதிர்வு ஆகாது. ஷெட்டுக்கு இருபது அடி தள்ளி ஹார்பர் லைன். ஒவ்வொரு வண்டி போகும்போதும் பட்டை நடுங்கும், புரொப்பெல்லர் தலையாட்டும். அதற்கு நான் கண்டுபிடித்த வழி மெகா பிளாக். ஞாயிற்றுக்கிழமை தண்டவாள வேலைக்காக நான்கைந்து மணி நேரம் வண்டியை நிறுத்துவார்களே, அது. மும்பையில் மெகா பிளாக்கைத் திட்டாதவர் கிடையாது. நான் ஒருவன்தான் சனிக்கிழமை பேப்பரில் ஹார்பர் லைனுக்கு மெகா பிளாக் உண்டா என்று ஆசையாகத் தேடியிருப்பேன்.

அக்டோபர் வெயில். கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, ஜன்னல் இடுக்கில் சாக்கு அடைத்து, தகரக் கூரைக்குக் கீழே இரண்டு கிழவர்கள் பனியனோடு உட்கார்ந்திருந்தோம். என் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வேர்வை பிளேடின் நுனியில் விழுந்தது. அந்தப் பக்கம் மெல்லச் சாய்ந்து கீழே போனது. சாருக்கு நம்ப முடியவில்லை.

“ஒரு சொட்டுக்கா?”

“நுனியில விழுந்துச்சுல்லா சார். நடுவுல விழுந்தா ஒண்ணும் ஆவாது. நுனியில அஞ்சு கிராம் இருந்தாப் போதும். இன்ஜின் முழு வேகத்துல ஓடும்போது இருபது கிலோவுக்கு மேல இழுக்கும். போல்ட்டே பிச்சிக்கிட்டுப் போயிரும்.”

இதை நான் அவரிடம் என் வாயால் சொன்னேன். பின்னால் நடந்ததற்கு இது முக்கியம்.

வார்னிஷ் காயக் காய எடை குறையும். அதனால் ஒரு பூச்சு, ஒரு வாரக் காத்திருப்பு, மறுபடி ஒரு மெகா பிளாக். இப்படி ஐந்து ஞாயிறு. ஐந்தாவது ஞாயிறு அந்தப் புரொப்பெல்லரை எப்படி வைத்தாலும் வைத்தபடி நின்றது. படுக்கையாக வைத்தால் படுக்கையாக, செங்குத்தாக வைத்தால் செங்குத்தாக, சாய்த்து வைத்தால் சாய்ந்தபடி. பஸ் டிக்கெட்டைக் கிழித்து ஒரு துண்டை நுனியில் வைத்தேன். சாய்ந்தது. எடுத்துவிட்டு எதிர்ப்பக்க நுனியில் வைத்தேன். அந்தப் பக்கம் சாய்ந்தது. சார் கை தட்டினார். விமானத்துக்கென்று அவர் வைத்திருந்த ரெஜிஸ்டரில் ‘புரொப்பெல்லர் பேலன்ஸ் செய்தவர்’ என்று எழுதி என் கையெழுத்தை வாங்கினார். முப்பத்தோரு வருடத்தில் என் கையெழுத்துக்கு நானே சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

இங்கே எங்கள் கம்பெனி ஆயுத பூஜையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பூஜை அன்றைக்கு எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. நான் வேதக்காரன், கிறிஸ்தவன்; ஆனால் அந்தப் பூஜைக்கு முதலில் வந்து நிற்கிற ஆளும் நான்தான். கையில் வேஸ்ட் துணியோடு நிற்பேன். சந்தனத்தை வெளிக்கூட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் அப்பிக்கொள்ளட்டும், சுற்றுகிற பாகத்தில் மட்டும் வைக்க விடமாட்டேன். பக்தி மிகுதியில் யாராவது வைத்துவிட்டால் அடுத்த நிமிடமே துடைப்பேன். மாடி ஆபீஸ்காரர்கள் பொரிகடலை வாங்க இறங்கி வருவார்கள். சார் என்னைப் பார்த்து, “சுவாமிக்கே செக்யூரிட்டி நிக்கறேளே!” என்று வருடா வருடம் சிரித்தவர்.

நவம்பர் கடைசியில் விமானத்தைப் பிரித்து லாரியில் ஏற்றி, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு சின்ன ஓடுதளத்துக்குக் கொண்டுபோக ஏற்பாடு. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ஷெட்டில் பூஜை. நான் அரை நாள் லீவு போட்டுவிட்டு காலையிலேயே வந்து, இறக்கைகளைக் கட்டி, புரொப்பெல்லரைத் துடைத்துத் தனியே ஒரு மேஜையில் துணி விரித்துக் கிடத்தியிருந்தேன். சொந்தக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். சாரின் மனைவி என்னிடம் வந்தார். நல்ல விதமாகத்தான் சொன்னார்.

“உங்களுக்கு இதெல்லாம் பழக்கம் கிடையாது. நாங்க மந்திரம் அது இதுன்னு மணிக்கணக்கா பண்ணுவோம். உங்களை எதுக்கு சிரமப்படுத்தணும்? நீங்க ஆத்துக்குப் போயிட்டு நாளைக்கு வாங்கோளேன்.”

நான் சாரைப் பார்த்தேன். அவர் புரோகிதரிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். காதில் விழுந்திருக்கும், நான் நின்ற இடத்துக்கும் அவருக்கும் ஆறடிகூட இல்லை. திரும்பவில்லை. ஏழு வருட ஞாயிற்றுக்கிழமை ஆள் நான். சரிம்மா என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். பாதியில் கோபம் வந்தது, தாராவி வருவதற்குள் அவமானமாகிவிட்டது. வீட்டில் பூஜை சீக்கிரம் முடிந்துவிட்டது என்று சொன்னேன். அந்த லாரி சனிக்கிழமை காலையில் புறப்பட்டபோது நான் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

டிசம்பரில் அங்கே இன்ஜினை ஓட்டிப் பார்த்தார்கள். அதற்கு என்னைக் கூப்பிடவில்லை. ‘இது வெறும் இன்ஜின் டெஸ்ட், பறக்கிற அன்னிக்கு நீங்க லீவு போட்டா போதும்’ என்றார் சார். அன்றைக்குச் சாயங்காலம் போன் வந்தது. சாதாரணமாக பேலன்ஸ்காரரே என்று ஆரம்பிப்பவர் எடுத்த எடுப்பில் சொன்னார்:

“பயங்கரமா ஆடறது. மீட்டர் கண்ணாடி உடைஞ்சுடுத்து. ஓட்டிப் பார்த்த பைலட் இறங்கி, இதை யார் பேலன்ஸ் பண்ணினதுன்னு கத்தறார்.”

“சார், பைலட்டுக்கு ஒண்ணும் ஆவலயே?”

“ஆகலை.”

“புரொப்பெல்லர்ல ஏதாவது ஒட்டுனீங்களா? பெயின்ட், ஸ்டிக்கர், எதுவும்?”

“ஒண்ணுமில்லையே,” என்றார். ஒரு நொடி கழித்துத்தான் சொன்னார். அந்த ஒரு நொடியை நான் அப்போது கவனிக்கவில்லை. புரொப்பெல்லரைக் கழற்றி வெளியூரில் ஒரு பேலன்சிங் கம்பெனிக்கு அனுப்புவதாகச் சொல்லி போனை வைத்தார்.

அதற்குப் பிறகு என்னிடம் ஒன்றும் சரியாக இல்லை. ரசமட்டத்தைக் கம்பெனிக்குக் கொண்டுபோய் சோதித்தேன், சரியாக இருந்தது. ஷாஃப்டைச் சோதித்தேன், சரியாக இருந்தது. அப்படியென்றால் தப்பு என் கண்ணில் என்று ஆயிற்று. ஒரு மனிதரைக் கொல்லப் பார்த்தேனே என்று மறுபடி மறுபடி தோன்றியது. வேலையில் ஒரே ரோட்டரை மூன்று தடவை ஏற்றி இறக்கினேன். அட்டையில் கையெழுத்துப் போடக் கை வரவில்லை. பக்கத்து மெஷின்காரரை ஒரு தடவை பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் போட்டேன்.

“என்னத்துக்கு இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்கீய?” என்றாள் வீட்டுக்காரி. “நீங்க தப்புப் பண்ணியிருந்தா ஒங்களுக்குத் தெரியாமயா இருக்கும்?”

“தெரியலயே. அதுதான பயமா இருக்கு.”

மார்ச்சில் எனக்கு ரிடையர்மென்ட். கான்டீனில் வழியனுப்பு விழா. மேனேஜர் நல்லவிதமாகத்தான் பேசினார். கடைசியில் ஒரு தமாஷ்: “இவர் கைபட்ட புளோயர் எதுவும் ஆடாது. ஏரோப்ளேன் மட்டும்தான் ஆடும்!” எல்லோரும் சிரித்தார்கள். முன்வரிசையில் சார் உட்கார்ந்திருந்தார். அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன், மாலை போட்டுக்கொண்டு நிற்கிறவன் வேறென்ன செய்வான்? அந்தச் சிரிப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரலில் விமானம் பறந்தது. எனக்கு வாட்ஸ்அப்பில் படம் வந்தது. பைலட் பக்கத்தில், நான் பலகை போட்டு உட்கார்ந்த சீட்டில், சாரின் மாப்பிள்ளை கட்டை விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். நான் ‘வாழ்த்துகள் சார்’ என்று அனுப்பினேன். பேலன்ஸ் தெரியாதவன் எந்த வாயை வைத்துக்கொண்டு சீட் கேட்பது?

மே மாதம் செம்பூரில் ஒரு ஹாலில் விருந்து வைத்தார்கள். அழைப்பு எனக்கும் வந்தது. என் வீட்டுக்காரி வர மறுத்துவிட்டாள், நான் போனேன். ஹால் வாசலில் தெர்மோகோல் பலகையில் வரிசையாகப் போட்டோக்கள்: முதல் சட்டம், இறக்கை, இன்ஜின். என் கை நான்கைந்தில் இருந்தது, முகம் ஒன்றில் பாதி. அதற்கடுத்து ஷெட்டில் நடந்த பூஜை. நான் கிடத்திவிட்டுப் போன அதே மேஜை, அதே துணி, அதன் மேல் புரொப்பெல்லர். ஒரு பிளேடின் நுனியில் மூன்று பட்டைச் சந்தனம், விரல் தடிமனுக்கு, நடுவே பெரிய குங்குமம். மற்ற பிளேடில் ஒன்றுமே இல்லை. அடுத்த போட்டோவில் சார் கையில் பிரஷ்ஷோடு அந்தச் சந்தனத்தின் மேலேயே வார்னிஷ் பூசிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் அவர் மனைவி சிரித்துக்கொண்டு நிற்கிறார். முதல் பூஜைச் சந்தனம், உதிரக் கூடாது என்று ஆசைப்பட்டிருப்பார்.

பக்கத்து மேஜையில் விமானத்தின் ஃபைலும் ரெஜிஸ்டரும் எல்லோரும் பார்ப்பதற்காக வைத்திருந்தார்கள். புரட்டினேன். ரெஜிஸ்டரில் என் கையெழுத்தின் மேல் ஒரு கோடு. அதற்குக் கீழே வெளியூர்க் கம்பெனியின் முத்திரை. ஃபைலில் அந்தக் கம்பெனி கொடுத்த ரிப்போர்ட். ஆங்கிலத்தில் இரண்டே வரி. ஒரு பிளேடின் நுனியில் வார்னிஷுக்கு அடியில் வேற்றுப் பொருள் இருந்தது, சுரண்டி நீக்கப்பட்டது. நீக்கிய பிறகு சோதித்ததில் பேலன்ஸ் சரியாக உள்ளது, திருத்தம் எதுவும் செய்யவில்லை. தேதி, ஜனவரி.

அதை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. போனை எடுத்து ஒரு படம் பிடித்துக்கொண்டேன். டிசம்பரிலிருந்து நான் என் கண்ணையும் கையையும் திட்டிக்கொண்டு திரிந்தது, பக்கத்து மெஷின்காரரைக் கெஞ்சியது, கான்டீனில் சிரித்தது எல்லாம் வரிசையாக வந்தது. மார்ச்சில் முன்வரிசையில் சிரித்தவருக்கு ஜனவரியிலேயே தெரியும்.

சாரைத் தேடிப் போய் ஒரு ஓரமாகக் கூப்பிட்டு, போனில் அந்தப் படத்தைக் காட்டினேன். அவர் பார்த்தார். முகம் மாறியது. பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்:

“அவ ரொம்ப ஆசையா வெச்ச சந்தனம். அதனாலதான் ஆடித்துன்னு எப்படிச் சொல்றது? அபசகுனம்னு நினைச்சு ஒடிஞ்சு போயிடுவா. உங்களைப் பத்தி எனக்குத் தெரியும். நீங்க பெரிய மனசு பண்ணிப்பேள்னு விட்டுட்டேன்.”

“என் கையெழுத்த அடிச்சிருக்கீங்க சார்.”

“ரெஜிஸ்டர்ல ஒரு காரணம் எழுதணுமோல்லியோ. போகட்டும் விடுங்கோ. வாங்கோ, சாப்பிடலாம்.”

நான் பதில் சொல்வதற்குள் அவர் மனைவி தட்டோடு வந்துவிட்டார். என் கையில் ஒரு ஜாங்கிரியை வைத்தார். கனிவாகத்தான் சொன்னார்: “உங்களைக் கண்டிப்பா கூப்பிடணும்னு நான்தான் இவர்கிட்ட சொன்னேன். முதல்ல கொஞ்சம் தப்பாயிடுத்துன்னா என்ன? மனுஷாளுக்குத் தப்பு வர்றது சகஜம்தானே.”

என் ஒரு கையில் போன், போனில் அந்த ரிப்போர்ட். மறு கையில் ஜாங்கிரி. சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமாம்மா,” என்றேன்.

அதை ஏன் சொன்னேன் என்று வீட்டுக்காரி கேட்டாள். நெடுநேரம் திட்டினாள். “அந்த அம்மா நம்பர்தான் இருக்குல்லா. கிறிஸ்மஸுக்கு மெசேஜ் போடுதாவல்லா. அந்தப் படத்த அனுப்புங்க,” என்றாள். நான் அனுப்பவில்லை. படம் மட்டும் போனில் கிடந்தது. பஸ்ஸில், சர்ச்சில், கடையில் வரிசையில் நிற்கும்போது அதைத் திறந்து பார்த்துக்கொள்வேன்.

மழைக்காலம் வந்தது. மரப் புரொப்பெல்லருக்கு ஈரம் ஆகாது. அதனால் கழற்றி செம்பூர் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள் என்று கம்பெனி ஆள் ஒருவர் சொன்னார். மழை முடிந்தது. ஆயுத பூஜை அன்றைக்குக் காலையில் சாரின் மனைவியிடமிருந்து வாட்ஸ்அப்பில் வாழ்த்து வந்தது. கூடவே ஒரு படம். அவர்கள் வீட்டு ஹாலில் பாயில் புரொப்பெல்லர். ஒரு பிளேடின் நுனியில் மூன்று பட்டைச் சந்தனம், குங்குமம். மற்ற பிளேடு வெறுமை. கீழே எழுதியிருந்தார்: ‘ஞாயிற்றுக்கிழமை மாட்டுகிறோம். மாப்பிள்ளை பறக்கப் போகிறார்.’

சாருக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. விருந்துக்குப் பிறகு என் போனை அவர் எடுப்பதே இல்லை. அவர் மனைவிக்குத் தெரியாமல் எடுத்துத் துடைத்துவிடுவார் என்று ஒரு மனது சொன்னது. போன தடவை வார்னிஷ் பூசினவரும் அவர்தானே என்று இன்னொரு மனது சொன்னது. ஏழு வருடம் நான் ஒட்டியும் பற்றவைத்தும் கட்டின விமானம், அதில் ஒருவர் உட்காரப் போகிறார். மே மாதம் பிடித்த ரிப்போர்ட் படத்தை எடுத்து அந்த அம்மாவுக்கு அனுப்பினேன். கூட ஒரு வரி: ‘சந்தனத்தைத் துடைத்துவிடுங்கள் அம்மா. போன வருடம் ஆடியது இதனால்தான்.’

அரை மணி நேரம் கழித்து அந்த அம்மாவே கூப்பிட்டார். இந்தப் பேச்சை நான் மாதக்கணக்கில் மனதுக்குள் நடத்திப் பார்த்திருந்தேன். அதில் அவர் அழுவார், மன்னிப்புக் கேட்பார், நான் பரவாயில்லைம்மா என்பேன். அவர் அழவில்லை.

“இதை எப்போ எடுத்தேள்?”

“மே மாசம்மா. ஒங்க விருந்துல.”

“இவருக்கு?”

“ஜனவரியிலயே தெரியும்மா.”

“துடைச்சுட்டேன்,” என்றார். “ரெண்டு பிளேடையும் ஒரே மாதிரி துடைச்சேன். ஒரு பக்கம் மட்டும் ஈரம் தங்கினாலும் தப்புதானே?”

“ஆமாம்மா. சரிதான்.”

“புரியும்படியா சொன்னா எனக்குப் புரியறது பாருங்கோ. இவர் என்கிட்ட பயந்துண்டு சொல்லலை. நீங்க எதுக்குச் சொல்லலை? நான் உங்க கையில ஜாங்கிரியைக் குடுத்து, தப்பு வர்றது சகஜம்னு சொல்றேன். ஆமாம்மான்னு வாங்கிண்டு போறேள். நான் எவ்வளவு பெரிய முட்டாளா உங்க கண்ணுக்குத் தெரிஞ்சிருப்பேன்?”

அவரே போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு கிறிஸ்மஸ் வந்தது. வாழ்த்து வரவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த ஐந்து மாதமும் எனக்குப் பிடித்திருந்தது. நான் யோக்கியன், சார் அயோக்கியன், அவர் மனைவி ஒன்றும் அறியாதவர் என்று அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து ருசித்துக்கொண்டிருந்தேன். பூஜைப் படம் வந்திராவிட்டால் இன்னும் ருசித்துக்கொண்டுதான் இருந்திருப்பேன். சார் செய்ததை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதும் இல்லை. ஆனால் ஐந்து மாதம் வாயை மூடிக்கொண்டிருந்த கணக்கில் நானும் அவர் பக்கத்தில்தான் நிற்கிறேன். ரெஜிஸ்டரில் என் கையெழுத்தின் மேல் போட்ட கோடு இன்றும் அப்படியேதான் இருக்கும்.

ஆயுத பூஜையை அடுத்து வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை ஹார்பர் லைனில் மெகா பிளாக். மாப்பிள்ளை பறந்தார் என்று கம்பெனி ஆள் வந்து சொன்னார். ஆடவே இல்லையாம்.